லூமிர் கோப்சா ஓட்டிப்போன கிடாரி

எங்கள் பள்ளி மாவட்டத்தின் கல்வி அறக்கட்டளைக்கு முதல் சொத்து ஒரு சினைக் கிடாரி. அதைக் கொடுத்தவர் லூமிர் கோப்சா. அதற்குச் சில மாதங்களுக்கு முன், பள்ளி வரியை உயர்த்த வேண்டாம் என்று தன் சோளக்காட்டு முனையில் பலகை நட்டவரும் அவர்தான்.

நெப்ராஸ்காவில் நிலம் வைத்திருப்பவன் தலையில்தான் பள்ளி வரி விடியும், விளைந்தாலும் காய்ந்தாலும். அந்த மே மாத வாக்கெடுப்பில் வரி உயர்வு தோற்றது. பள்ளி முதலில் கைவைத்தது பேண்டு வகுப்பில். கோடைக்குள் பணம் சேராவிட்டால் பேண்டு சொல்லித்தந்த ஜோலீன் டீச்சருக்கு வேலை இல்லை. நான் அப்போது டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா தானியக் கிடங்கில் கூலி. சொந்தமாக வாத்தியம் வாங்கும் வீடில்லை எங்களுடையது.

கூட்டுறவுக் கடைக் காப்பி மேசையில் லூமிர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துபோனார்கள். வீட்டில் அவர் மனைவி அடேலா, பழம் வைத்த கொலாச்சி பன் சுடுவதை நிறுத்தினார். அவரும் அந்தப் பள்ளியிலேயே கிளாரினெட் கற்றவர்.

"என்ன, இன்னைக்கும் வெறும் ரொட்டிதானா?"

"அதான் வரி மிச்சமாச்சே. அதைத் தொட்டுக்கோ."

ஆகஸ்டில் கண்காட்சி ஏலம். பேண்டுக்காக ஒரு சினைக் கிடாரியை நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, நல்ல காரியத்துக்கான ஏலத்தில் எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு "மறுபடி வித்துரு" என்பார். அதே மாடு மறுபடி ஏலத்துக்கு வரும். கை ஓயும்வரை சுற்றும். மூன்றாவது சுற்றில் லூமிர் கை தூக்கினார், யாரும் எதிர்பாராத விலைக்கு. ஏலக்காரர் டுவேன் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். லூமிர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

"யோவ் லூமிர், எங்க ஓட்டிட்டுப் போற?" என்றார் டுவேன்.

"வீட்டுக்கு. நான்தானே வாங்கினேன்?"

"வரியும் குடுக்கமாட்ட, இருக்கிற மாட்டையும் கொண்டுபோயிருவியா?"

அவர் திரும்பவில்லை. ஏலம் அத்தோடு நின்றது. அடேலா பக்கத்து வீட்டுக்காரியின் வண்டியில் ஊர் திரும்பினார். சேர்ந்த பணம் டீச்சர் சம்பளத்துக்குக் கிறிஸ்துமஸ்வரைதான் வரும் என்று பள்ளி சொன்னது.

செப்டம்பரில் பள்ளிக் குழு கூடியபோது லூமிர் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"அன்னைக்கு இருபது தடவை வித்திருந்தாலும் ஒரு வருஷத்துல செலவாகியிருக்கும். அடுத்த வருஷம் எதை விப்பீங்க? மாடு என் கொட்டகையில நிக்கட்டும், தீவனம் என்னுது. வருஷா வருஷம் கன்னு உங்களுது."

"இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்றார் அடேலா, கடைசி வரிசையிலிருந்து.

"யாரு காது குடுத்துக் கேட்டீங்க?"

பள்ளியின் வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். "சொல்றதுக்குச் சங்கடமா இருக்கு. பள்ளிக்கூடம் மாடு வெச்சுக்க முடியாது. நம்ம இன்சூரன்ஸ் ஒத்துக்காது. மாட்டுக்குச் சொந்தக்காரங்களா தனியா ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சா உண்டு."

"அப்ப ஆரம்பிங்க."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்கள். டுவேன் தலைவர். ஆனால் குளிர்காலத்துக்குள் வேறு ஒன்பது குடும்பங்கள் தங்கள் மந்தையில் ஆளுக்கொரு பசுவை அறக்கட்டளைக்கென்று அடையாளம் போட்டு ஒதுக்கின. மாடில்லாதவர்கள் பணம் கொடுத்தார்கள். அப்பாகூட ஒரு சம்பளத்தில் பாதியைக் கொடுத்தார். அப்படியும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அரைச் சம்பளத்துக்குத்தான் வந்தது. மீதிக்கு ஜோலீன் டீச்சர் காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். நாங்கள் பேருந்திலேயே தாளம் தட்டிப் பழகினோம்.

பிறகு அதே அறக்கட்டளையின் உதவியில்தான் கல்லூரிக்குப் போனேன், எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாக. அங்கே ஒன்று உறைத்தது. லூமிருக்கு மனம் வந்திராவிட்டால்? ஒரு குழந்தை வாத்தியம் கற்பது ஒரு மனிதரின் மனம் இளகுவதையா நம்பியிருக்க வேண்டும்? விடுமுறையில் அவரிடமே கேட்டேன்.

"வரிக்கு அடுத்த வாக்கெடுப்பும் வந்துச்சே, அதுக்கு என்ன போட்டீங்க?"

"வேண்டாம்னுதான்."

"அது ஜெயிச்சிருச்சே."

"ஆமா. கட்டிட்டுத்தான் இருக்கேன்." வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "நீ என்ன போட்ட?"

"வேணும்னு."

"உன்கிட்ட நிலம் இல்லையே."

கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். அவர் செய்தது நன்மை. அவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, நான் பள்ளியில் இருந்தபோது, முதல் கன்று ஏலத்துக்கு வந்த அந்த ஆகஸ்டு நினைவிருக்கிறது. ஜோலீன் டீச்சர் கை அசைக்க, நாங்கள் ஏலத்திடலின் ஓரத்தில் நின்று வாசித்தோம். முதல் சுற்றில் கன்றை எடுத்தவர் லூமிர். டுவேன் சுத்தியலை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். கூட்டமும் பார்த்தது. நான் ஊதுவதை நிறுத்திவிட்டேன்.

"என்ன பாக்கறீங்க?" என்றார் லூமிர். "மறுபடி வித்துரு."

அடுத்த சுற்றில் கை தூக்கியது அடேலா.