நல்லம்பள்ளி என்பது தவறான விடை

அன்று காலை காபி கேட்க வாயைத் திறந்தேன். வந்தது, "தொப்பூர்."

மாரண்டஹள்ளியிலிருந்து சேலம் போகும் தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய நினைப்பில் வழியிலுள்ள நிறுத்தத்தின் பெயரைக் கூவிக் கிண்டல் செய்கிறேன் என்று மனைவி ஜெயா சிரித்தாள். வலது கையிலிருந்து டம்ளர் நழுவியபோதுதான் அவள் சிரிப்பு நின்றது.

தர்மபுரி மருத்துவமனையில் பக்கவாதம் என்றார்கள். கையும் காலும் ஓரளவு சீக்கிரமே தேறின. அஃபேசியா (மூளை பாதிப்பால், தெரிந்த சொல்லும் வாயில் வராமல் போதல்) மட்டும் விடவில்லை. உங்களில் யாருக்காவது இது வந்திருந்தால் தெரியும், புத்தி மங்குவதில்லை. எல்லாம் உள்ளே இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குத்தான் நாம் மக்காகிவிடுகிறோம். 'ஜெயா' என்று கூப்பிட முடியவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

அங்கே பேச்சுப் பயிற்சி பற்றி ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கைபேசிச் செயலி தினமும் படங்கள் காட்டும். நாம் பெயர் சொல்ல வேண்டும். சொன்னது சரியா, சொல்ல எவ்வளவு நேரமானது என்று அதுவே பதிந்து மருத்துவருக்கு அனுப்பிவிடும்.

"இவரு கொரலு எங்கெல்லாங்க போகும்?" என்று ஜெயா கேட்டாள்.

"ஆராய்ச்சிக்கு மட்டுந்தாம்மா. பேரு போகாது, நம்பர்தான் போகும்," என்றார் மருத்துவர்.

பேர் சொல்ல முடியாதவனுக்கு நம்பர் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டைக் காட்டினால் 'பாலக்கோடு' என்றேன். குடையைக் காட்டினால் 'சேலம்'. செயலி சளைக்காமல் 'தவறு' என்றது. வீட்டார் படங்களையும் அதில் ஏற்றியிருந்தார்கள். ஜெயாவின் படம் வரும்போதெல்லாம் 'நல்லம்பள்ளி' என்றேன். அதுவும் தவறு.

அடுத்த முறை போனபோது மருத்துவர் பதிவுகளைத் திரையில் காட்டினார். "மத்த படத்துக்கெல்லாம் ஊரு மாறி மாறி வருது. உங்க படத்துக்கு மட்டும் எப்பவும் ஒரே ஊரு, அதுவும் ஒடனே வந்துடுது. ஏம்மா?"

ஜெயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நான் நல்லம்பள்ளிங்க. அப்போ தர்மபுரியில தையல் கடை வேலை. தெனம் இவரு பஸ்ஸுலதான் வூட்டுக்குப் போவேன். எம் பேரு தெரியாதுங்க இவருக்கு. 'நல்லம்பள்ளி எறங்குங்க'ன்னு என்னையே பாத்துச் சத்தம் போடுவாரு. பஸ்ஸே சிரிக்கும்."

அந்தச் சாயங்கால வண்டி, தர்மபுரி தாண்டியதும் சன்னலில் வரும் காற்று, மடியில் சாப்பாட்டுப் பையோடு அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆய்வுக் கணக்குல இதச் சரின்னு மாத்த முடியாதுங்க," என்றார் மருத்துவர். "ஆனா பயிற்சிய இனி இங்கேருந்து ஆரம்பிப்போம்."

அப்படித்தான் வீட்டில் பயிற்சி நடந்தது. நான் நிறுத்தங்களை வரிசையாகக் கூவுவேன். நல்லம்பள்ளி வந்ததும் ஜெயா எழுந்து நின்று, "எம் பேரு என்னங்க?" என்பாள். பல நாள் வண்டி நிற்காமல் தொப்பூருக்குப் போய்விடும். ஒருநாள், "நல்லம்பள்ளி... ஜெயா," என்றேன்.

"எறங்கிட்டேங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போது ஓரளவு பேசுகிறேன். ஆய்வும் முடிந்துவிட்டது. கடைசிப் பதிவில் அவள் படத்துக்கு 'ஜெயா' என்றேன். செயலி 'சரி' என்றது. கூடவே 'தாமதம்' என்றும் குறித்தது. தர்மபுரியில் ஏறி நல்லம்பள்ளி வரை போய்த்தான் அந்தப் பெயரை அழைத்துவர வேண்டியிருக்கிறது. வண்டி தாமதமானால் டிரைவரை விரட்டியெடுப்பவன் நான். இப்போது விரட்டுவதில்லை.