ஹெட்போனில் மட்டும் கேட்ட சத்தம்

மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே காது ரெண்டும் வேர்த்துவிடும்... பஞ்சில் யாரோ ஒருவரின் தேங்காயெண்ணெய் வாசம் வேறு. எண்பதுகளில் நான் முதன்முதலாக மாட்டிய ஹெட்போன் அப்படித்தான் இருந்தது.

விளாங்குடியில் ஒரு மாடி அறை. சுவரெல்லாம் சாக்கு அடித்து, ஜன்னலை அடைத்து, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர். திருப்பரங்குன்றம் முருகன் மேல் பக்திப் பாட்டு கேசட். அதுவரை கோரஸில் கூட்டத்தோடு பாடிய எனக்கு, அன்றுதான் முதல் தனிப்பாட்டு.

ரெக்கார்டிங் அண்ணன் மேஜையில் ஒரு தகரப் பெட்டி. அவரே செய்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். நாலு பேர் சொருகிக் கேட்கலாம், சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஆளுக்கொரு திருகு. என் குரலை நானே காதுக்குள் கேட்டபோது, யார் இந்தப் பொம்பளை என்றிருந்தது!

பல்லவி முடிவதற்குள் நிறுத்திவிட்டார்.

"கிணிங் கிணிங்குன்னு என்னமோ கேக்குதேம்மா..."

ஸ்பீக்கரில் போட்டால் காணோம். ஹெட்போனில் மட்டும் இருக்கிறது. எனக்கோ பாட்டே மறந்துபோய், அது என்னவாக இருக்கும் என்பதிலேயே புத்தி போனது. ஃபேனை நிறுத்தினோம். வளையல், கொலுசு எல்லாம் கழற்றினேன். அவர் பெட்டியைத் திறந்து ஒயரையெல்லாம் ஆட்டிப் பார்த்தார். ம்ஹூம்.

"சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்மா. இல்லேன்னா வேற பிள்ளைய வச்சுத்தான் எடுக்கணும்."

அவசரமாக மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மூலையில் என் வீட்டுக்காரர். மில் ஷிப்ட் முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்தவர். பொழுது போகாமல், சும்மா கிடந்த ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டினார். நான் மறுபடி பாட ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார்.

"அண்ணே, பெட்டியக் குறை சொல்லாதீங்க. இது இவ காலைல அடுப்படியில நடமாடுற சத்தம்ல!"

என் கழுத்தைக் காட்டினார். தாலிக்கொடியில் ஒரு கொத்து ஊக்கு... அவசரத்துக்கு ஆகும் என்று நாமெல்லாம் மாட்டி வைப்பதுதான். மூச்சு இழுக்கும்போதெல்லாம் கொடியோடு உரசியிருக்கிறது. எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

"இம்புட்டு நாளா இதையா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"தூக்கத்துல அது கேட்டாத்தான் எனக்கு விடிஞ்சிருச்சுன்னு தெரியும்."

ஊக்குகளைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பாட்டு முடியும்வரை, அது சத்தம் போட்டுவிடுமோ என்று கையை இறுக்கி மூடியபடியே உட்கார்ந்திருந்தார். ஒரே டேக். பாட்டு எனக்கே வந்தது.

அந்த மாடியில் இப்போது டியூஷன் சென்டர். கேசட் இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் டேப் ரெக்கார்டர் இல்லை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது...

இப்போது அவர் காதில் அவரைக்கொட்டை அளவில் ஒரு ஹெட்போன். ஜோடியில் ஒன்றைத் தொலைத்தாயிற்று. மிச்சம் இருப்பதைச் சொருகிக்கொண்டு போனில் உட்கார்ந்துவிட்டால், "ஏங்க" என்று எவ்வளவு கத்தினாலும் திரும்பமாட்டார்.

அதனால் கத்துவதை விட்டுவிட்டேன். பக்கத்தில் போய் நின்று, ஊக்குக் கொத்தோடு கொடியை லேசாக ஒரு ஆட்டு ஆட்டுவேன்.

நிமிரக்கூட மாட்டார்.

"என்ன, காபியா?"