எனக்குப் பின்னால் இரண்டு வண்டிகள்

எங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்து தள்ளி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பெயிண்ட் செய்யும் ஒரு கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. வருகிற சாம்பிளைச் சோதித்து, நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். எதையும் எழுதி வைக்கிற புத்தி அங்கே வந்ததுதான். ஆனால் ஒருவன் என் பின்னால் வருகிறான் என்பதை மட்டும் மூன்று வாரம் நான் எழுதவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அவன் எங்கள் கம்பெனியில் இரண்டு மாதம் கான்ட்ராக்டில் இருந்தவன். ஒருநாள் விருப்பம் சொன்னான். எனக்கு இல்லை என்று தெளிவாகவே சொன்னேன். வேலையை விட்டுப் போனான். வாசல் டீக்கடையை விட்டுப் போகவில்லை. மாலை ஐந்தரைக்கு என் ஸ்கூட்டி வெளியே வந்தால் அவனுடைய கறுப்பு பைக்கும் கிளம்பும். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பும். புதுப்புது எண்களிலிருந்து மெசேஜ் வரும், அன்று நான் உடுத்தியிருந்த சுடிதாரின் நிறத்தோடு.

நானாகக் கண்டுபிடித்த தற்காப்பு, மெதுவாக ஓட்டுவது. கடந்து போகட்டும் என்று நினைத்தேன். அவனும் மெதுவாக வந்தான். இரண்டு பேரும் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்ததில், பின்னால் வந்த பஸ் டிரைவர் எங்களை ஜோடியாகச் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

லேபில் பக்கத்து மேஜைக்காரி முல்லா வீதிப் பெண். என் கை தவறி ஒரே நாளில் இரண்டு சாம்பிள் கொட்டியதும் விடாமல் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். மெசேஜை எல்லாம் அழித்துவிடப்போவதாகச் சொன்னேன்.

"அழிச்சுத் தொலைக்காதடீ. ஒண்ணுக்கும் பதில் போடாத, ஆனா ஒண்ணையும் அழிக்காத. தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் எழுது. பின்னாடி வந்தான்னா நேரா வூட்டுக்குப் போவாத, ஆளுங்க இருக்குற கடையா பாத்து நில்லு. இன்னிக்கே உங்க அக்காகிட்ட சொல்லு."

அன்றிரவு சொன்னேன். நான் இருப்பது அக்கா வீட்டில். அக்கா பதறினாள். மாமா பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், எறும்புக்கும் வழிவிடுகிற மனிதர். ரோடு என்றால் நாலு பேர் வரத்தான் செய்வார்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றார். அக்கா பார்த்த பார்வையில், மறுநாள் முதல் காவலுக்கு வருவதாக அவரே சொல்லிவிட்டார். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, பழைய ஸ்கூட்டர். ஆக, எனக்குப் பின்னால் வருகிறவர்கள் இரண்டு பேரானார்கள்.

நான்காம் நாள் கொக்கு பார்க் சிக்னலில் மாமா என்னைத் தவறவிட்டார். என்னுடையதைப் போலவே பச்சை ஸ்கூட்டியில் போன வேறொரு பெண்ணின் பின்னால் லாஸ்பேட்டை வரை போய்விட்டார். அவள் தெரு மாறினாள். என்னவோ ஏதோ என்று இவரும் விடாமல் மாறினார். கடைசியில் அவள் ஒரு மருந்துக்கடை முன்னால் நிறுத்தி, இவரைக் கை காட்டினாள். ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். மாமாவிடமிருந்து போன் வந்து நான் ஓடிப்போய், இவர் என் மாமாதான், என்னைத்தான் பின்தொடர்ந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாக்கியம் அங்கே யாருக்கும் உடனே விளங்கவில்லை.

விளங்கியதும் அந்தப் பெண்கூடச் சிரித்தாள். ஆனால் கடைக்காரர் கொடுத்த தண்ணீரை அவளால் சிந்தாமல் குடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த மாமா காப்பியைத் தொடவில்லை.

"அந்தப் பொண்ணால தண்ணிகூட குடிக்க முடியல பாப்பா. நான் சும்மா பின்னாடி போனேன், அவ்ளோதான்." ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, "நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார்.

மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அம்மா, அவனைப் பற்றி நான் எழுதி வந்த நோட்டைப் புரட்டினார். லேப் பழக்கத்தில் கட்டம் கட்டி, கடைசிக் கட்டத்தில், தேறாத சாம்பிளுக்கு எழுதுவதுபோல், தினமும் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். அவனுக்கு டெஸ்ட் வைத்தாயா என்று கேட்டுச் சிரித்தார். மெசேஜ்களைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது. புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவர் கேட்காதது எனக்குப் பெரிய ஆறுதல்.

அவனை வரவழைத்தார்கள். சும்மா பின்னால் போனதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்றான். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மா போறதுக்கும் கேஸு இருக்கு" என்றார் எஸ்.ஐ. அம்மா, எழுதுவதை நிறுத்தாமல்.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. கம்பெனியில் எழுதிக் கொடுத்ததால் கொஞ்ச காலம் கம்பெனி வேனில் வந்துபோனேன். பயம் அத்தனை சீக்கிரம் போகவில்லை. எந்தக் கறுப்பு பைக்கைக் கண்டாலும் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம் தனியாகக் கடற்கரைச் சாலைக்குப் போய், சுண்டல் வாங்கி, நிதானமாகத் தின்றுவிட்டு வந்தேன். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.