நூற்றுப் பன்னிரண்டாம் நம்பரின் பிள்ளை

நுவரெலியாவைப் பார்க்க உலகமே வருகிறது. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த நான் மட்டும் ஏழு வயதில்தான் முதல் முறையாக அங்கே போனேன். திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு எதற்காக ஊர் பார்க்கக் கிளம்புகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. புதுச் சட்டை போட்டுவிட்டார்கள், போதாதா?

விஷயம் இதுதான். அடுத்த திங்கட்கிழமை அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். அது அப்பாவுக்குத் தெரியும், எங்களோடு இருந்த சித்திக்குத் தெரியும், லயத்து வரிசையின் பன்னிரண்டு காம்பரா வீடுகளுக்கும் தெரியும். பிள்ளைக்குச் சொன்னால் அழும் என்று என்னிடம் மட்டும் மறைத்துவிட்டார்கள்.

பஸ்ஸில் ஏறியதும் வழக்கம்போல அம்மா மடியில் உட்காரப் போனேன். "சித்தி மடில ஒக்காரு" என்றாள். வழியில் யாரோ வெள்ளைக்காரர்கள் வேனை நிறுத்தித் தேயிலை மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அதுல என்னத்தத்தான் பாக்குறாங்களோ, ரத்தம் குடிக்கிற அட்டையவா?" என்றாள் அம்மா. பஸ்ஸே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக நானும் அவள் பக்கம் சாய்ந்தேன். தோளைப் பிடித்து மெதுவாகச் சித்தி பக்கம் தள்ளிவிட்டாள்.

அன்று முழுக்க அப்படித்தான். ஏரிக்கரையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் பிரித்தபோது சித்தி ஊட்டினாள். ரிப்பன் அவிழ்ந்தபோது சித்தி கட்டினாள். அம்மா என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு, என் குற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சீனிப் போத்தலை உடைத்தது, கால் சப்பாத்தில் ஒன்றை ஆற்றில் விட்டது. இரண்டுக்கும் அப்போதே அடி வாங்கியாகிவிட்டதே!

அன்னப் பறவை மாதிரி செய்த படகு ஒன்றில் இரண்டு பேர் போகலாம் என்றார்கள்.

"நான் அம்மாகூடத்தான் போவேன்."

"எனக்குத் தண்ணின்னா பயம். சித்திகூடப் போ."

"அப்ப நான் போகல."

"அடம் புடிக்காத, சொல்லிட்டேன்."

படகில் மிதிக்க எனக்குக் கால் எட்டவில்லை. சித்தி மூச்சு வாங்க மிதித்தாள். படகு திரும்பும்போதெல்லாம் கரையில் அம்மாவைத் தேடினேன். அப்பா கையை ஆட்டினார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய ஏரியில் எனக்கென்று ஒருவரும் இல்லாததுபோல இருந்தது.

ஏப்ரல் சீசன். பூங்காவில் பூவைவிட ஆள்தான் அதிகம். அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் காணாமல் போனால் அம்மாதானே தேடி வர வேண்டும்? சித்தி பஞ்சு மிட்டாய்க்காரனோடு பேரம் பேசும் நேரத்தில் அவள் கையை விட்டேன். ஒரு செடி வேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. எழுந்து பார்த்தால் சித்தியும் இல்லை, மிட்டாய்க்காரனும் இல்லை. எந்த வேலி, எந்த வழி என்றே தெரியவில்லை. ஐயோ, அப்போது வந்த அழுகை நடிப்பில்லை.

ஒரு பொலிஸ்காரர் குனிந்து சிங்களத்தில், "துவே, அம்மா கோ?" என்றார். மகளே, அம்மா எங்கே என்கிறார் என்பது புரிந்தது. அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் அழுகிறேன்? அறிவிப்புச் செய்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார். ஒலிவாங்கியோடு இருந்த தமிழ் அண்ணன் கேட்டார்.

"ஒங்க வீடு எங்கம்மா?"

"கீழ்ப்பிரிவு, மூணாம் லயம், அஞ்சாம் காம்பரா."

"எந்தத் தோட்டம்?"

"தோட்டந்தான்."

உலகத்தில் வேறு தோட்டங்களும் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா பேரைக் கேட்டார். "நூத்திப் பன்னெண்டு" என்றேன். பெயர் தெரியாமலில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அந்த நம்பரைக் கூப்பிட்டால் அம்மா எங்கிருந்தாலும் ஓடி வருவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் அவளை வரவழைத்ததில்லை. அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரிவு, லயம், நம்பர் எல்லாவற்றையும் அப்படியே ஒலிவாங்கியில் சொன்னார்.

எந்தத் தோட்டத்தில்தான் கீழ்ப்பிரிவும் மூன்றாம் லயமும் இல்லை? நாலைந்து அம்மாமார் அடித்துப் பிடித்து ஓடி வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், தங்கள் பிள்ளைகளின் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நம்ம புள்ள இல்ல" என்று போய்விட்டார்கள். ஊரில் உள்ள அம்மாக்களெல்லாம் வந்தாயிற்று, என்னுடையவள் மட்டும் வரவில்லை.

அப்புறம் பார்த்தேன். சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா. என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "அம்மா!" என்று கத்தினேன். அவள் பக்கத்தில் நின்ற சித்தியின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். சித்திதான் ஓடி வந்து என்னைத் தூக்கினாள். நான் அவளைக் கடித்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் சித்தி மடியில் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தலவாக்கலை தாண்டியதும் ஒரு கை என் பாதத்தைப் பிடித்தது. கொழுந்து பறித்துப் பறித்து வெடித்துப்போன விரல்கள், யாருடையது என்று பார்க்கத் தேவையில்லை. நாள் முழுக்க இல்லாத பாசம் இப்போது எதற்காம்? காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்தக் கை மறுபடியும் வரவில்லை.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அம்மா போய்விட்டாள். திரும்பி வர நாலு வருஷம் ஆனது.

நான் பெரியவளான பிறகுதான் சித்தி சொன்னாள்: "ஒன்னைய மொதல்ல கண்டது ஒங்கம்மாதான். ஓடப் போனவங்க, அப்புடியே நின்னுட்டாங்க. 'நீ போடி, இனிமே நீதானே போகணும், அவ பழகட்டும்'னு என்னையத் தள்ளி விட்டாங்க."

நான் காலை இழுத்துக்கொண்டபோது பூண்டுலோயா வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. இழுக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரமும் அவள் பிடித்துக்கொண்டு வந்திருப்பாள்.