ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்

கோலார் தங்கவயலில், எங்கள் சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைனில் பார்வதம்மாவின் சந்தேகத்துக்குத் தப்பிய ஆள் கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், மீட்டர் பார்க்க வருகிறவன் வீட்டை நோட்டம் விடுகிறான், புது பாஸ்டர் தேவைக்கு மேல் சிரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி நான் ஆசையாகக் குழம்பு கொண்டுபோனால், "இன்னா ஈவ்லினு, இன்னிக்கி இவ்ளோ பாசம்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கணவர் காத்தவராயன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது ஆளாளுக்கு வந்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவர் இறந்த பிறகு இட்லி சுட்டு விற்றுத்தான் ஒரே மகள் மமதாவைப் படிக்க வைத்தாள். சந்தேகப்படக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்காக என் குழம்பையுமா?

போன வருஷம் டிவியில் ஒரு காமெடி சீரியல் வந்தது. ஒரு கோடீஸ்வரி புருஷனை டைவர்ஸ் பண்ணிவிட்டுப் பொழுது போகாமல் தர்மம் செய்யக் கிளம்புவாள். குடிசைப் பிள்ளைகளுக்கு ஹீல்ஸ் செருப்பு கொடுப்பாள். வெள்ளத்தில் நிற்பவர்களுக்கு யோகா சொல்லித் தருவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். பார்வதம்மா மட்டும் போலீஸ்காரி மாதிரி உட்கார்ந்து பார்ப்பாள்.

"இன்னாத்துக்குடி சிரிக்கிறீங்க? புருஷன உட்டவ சும்மா குடுப்பாளா? பாத்துனே இரு, ஊர்ல கீற குடும்பத்தயெல்லாம் பிரிச்சிடுவா."

அவள் பயம் எனக்குத் தெரியும். மமதா பெங்களூரில் வேலை பார்ப்பது ஸ்வாதி என்ற பணக்காரப் பெண் நடத்தும் டிரஸ்டில். அந்த ஸ்வாதியும் டைவர்ஸ் ஆனவள். மகள் குடும்பத்தை அவள் கலைத்துவிடுவாள் என்று பார்வதம்மாவுக்குத் தூக்கம் வராது. மாப்பிள்ளை பரத் பேச்சை எடுத்தால்தான் முகம் மலரும். "தங்கமான புள்ள. எனக்கு பிரஷர் மாத்திர வாங்கி அனுப்புது."

ஒரு நாள் மமதா போன் செய்தாள். பார்வதம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அம்மா, இந்த ஞாயித்துக்கெழம ஷிப்ட் ஆவுறேன். மேடமே வண்டி அனுப்புறாங்க. அப்பறமா வந்து எல்லாம் சொல்றேன்."

"ஞாயித்துக்கெழம இன்னாடி ஷிப்ட்? பகல் ஷிப்டா, ராத்திரி ஷிப்டா?"

அதற்குள் போன் கட்டாகிவிட்டது. எங்கள் ஊரில் ஷிப்ட் என்றால் வேலை முறைதான். அப்பனும் தாத்தனும் ஷிப்டுக்குப் போனவர்கள். வேறு அர்த்தம் எங்களுக்கு எங்கே தெரியும்? லீவு நாளில் வேலை, அதற்கு முதலாளியே வண்டி அனுப்புகிறாளாம்! பார்வதம்மா விடுவாளா? ஞாயிறு விடியற்காலை என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள்.

பெங்களூர் கே.ஆர்.புரத்தில் மமதாவின் வீட்டு வாசலில் ஒரு டெம்போ நின்றது. கட்டில், பீரோ, மூட்டைகள். ஒரு பெண் துடைப்பத்தை பக்கெட்டில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். அவள்தான் ஸ்வாதி. பெங்களூர்க்காரர்கள் வீடு மாறுவதைத்தான் ஷிப்ட் என்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

பார்வதம்மா பாய்ந்தாள். "பாவி, நீதான் வாழல, எம்பொண்ணு வாழுறது உனுக்குப் பொறுக்கலயா? மாப்பிள்ள எங்கடி?"

"அவர் ஊர்ல இல்ல. அதனாலதான் இன்னிக்கி," என்றபடி மமதா உள்ளேயிருந்து வந்தாள். "மேடத்த ஒண்ணும் சொல்லாத. அவங்களுக்கே போன வாரம்தான் சொன்னேன்."

"பெத்தவகிட்ட சொன்னியாடி?"

"உன்கிட்டதான் மொதல்ல சொன்னேன். தீபாவளிக்கு வந்தப்ப கையக் காட்டினேன், இஸ்திரிப் பெட்டியால சுட்டுட்டாருன்னு. தேங்காயெண்ண தடவிட்டு, ஆம்பள கோவம், அனுசரிச்சிப் போன்னு சொன்ன. ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டியேம்மா, அவர ஒரு நாளாவது பட்டியா?"

எனக்குப் பார்வதம்மாமேல் வந்த கோபத்தில் அழுகையும் வந்தது. ஸ்வாதி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பார்வதம்மா மெல்லப் போய் மகளின் முழுக்கைச் சட்டையைத் தொட்டாள்.

"எந்தக் கைடி அது?"

மமதா இரண்டு கையையும் நீட்டினாள்.