புளோயர் மாட்டிய பிக்கப்

நான் பயந்த சுபாவக்காரன். வண்டி ஓட்டிப் பிழைத்தவன் இதை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது; ஆனால் உண்மை அதுதான். எதிரே பஸ் வந்தால் மற்ற டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள், நான் ஓரம் கட்டுவேன். எத்தனை வருடம் ஓட்டியும், சாவியைத் திருப்புவதற்கு முன் இறங்கி நான்கு சக்கரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன்.

எண்பதுகளின் நடுவில் எங்களிடம் ஒரு பழைய ஜீப் பிக்கப் இருந்தது. அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு யாரோ டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். குருசுக்குப்பத்தில் காலையில் கரையேறும் மீனை என் மனைவி ஏலத்தில் எடுப்பாள். நான் ஐஸ் போட்டு மூடி பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போவேன். செஞ்சி, திருவண்ணாமலை வரைக்கும் வண்டி சொன்னபடி கேட்கும். கிருஷ்ணகிரி தாண்டி மேடு ஏறத் தொடங்கியதும் அதற்கு மூச்சு முட்டிவிடும். முதல் கியரில், பக்கத்தில் நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில் ஏறும். பின்னால் லாரிகள் வரிசையாக நின்று அலறும். ஒரு நாள் பாதி மேட்டில் எஞ்சின் நின்று வண்டி பின்னால் உருண்டது. கைபிரேக் பிடிக்கவில்லை. பின்னால் வந்த லாரியின் கிளீனர் குதித்து ஓடிவந்து சக்கரத்தடியில் கல்லைப் போட்டார். அந்தக் கல் இல்லாவிட்டால் நான் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் திண்டிவனத்திலேயே வண்டியை நிறுத்திக் கைபிரேக்கை இழுத்துப் பார்ப்பேன்.

அந்த வருடம்தான் என் மனைவியின் அண்ணன் பிரான்சிலிருந்து திரும்பி வந்தார். பதினைந்து வருடம் அந்த நாட்டு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்பார்கள். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடிவந்தார். காலையில் சவரம் செய்து, சட்டையை இடுப்புக்குள் விட்டுக்கொண்டு, போவதற்கு இடம் இல்லாமல் வாசலில் நிற்பார்.

மேட்டுக் கதையைச் சொன்னதும் அவர் முகத்தில் களை வந்தது.

"இவ்ளோதானா மாப்ள? மொத்தேருக்குக் காத்து பத்தல. ஒரு கொம்ப்ரெசேர் மாட்டுனா பறக்கும். அங்க மிலித்தேர் வண்டியில எத்தினி மாட்டியிருக்கேன் தெரியுமா?" எஞ்சினை அவர் பிரெஞ்சில் மொத்தேர் என்பார்; ராணுவத்தை மிலித்தேர்.

"டயருக்குக் காத்தடிப்பாங்களே, அதுவா மச்சான்?"

"அது இல்ல. எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளும். காத்து நெறைய போனா டீசல் நல்லா எரியும். டீசல் நல்லா எரிஞ்சா இழுக்கும்."

என் மனைவி மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அப்ப எஞ்சினு காத்தத்தான் குடிக்குதாண்ணே?"

"ஆமா. காத்து இல்லன்னா எந்த மொத்தேரும் செத்துடும்."

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இருக்கிற எஞ்சினையே நம்ப முடியாமல் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு இன்னும் பலம் ஏற்றுவதா? ஆனால் அந்த மேட்டின் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. சரி என்றேன்.

இரண்டு பேரும் மெட்ராசுக்குப் போனோம். புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான்கள் மலைபோல் குவிந்திருக்கும் சந்துகளில் அரைநாள் அலைந்தோம். கடைசியில் ஒரு கடைக்காரர் காற்றை அமுக்கித் தள்ளும் சாமான் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று எஞ்சின் கக்கும் புகையின் வேகத்திலேயே சுற்றுவது. சின்னது, பளபளவென்று இருந்தது. ஓடும்போது நெருப்புத்துண்டுபோல் சிவக்கும் என்றார். இன்னொன்று பழைய படகு எஞ்சினில் இருந்த புளோயர். இரும்புப் பெட்டிக்குள் இரண்டு உருளைகள், ஒன்றோடொன்று உரசாமல் எதிரெதிராகச் சுற்றும். எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு ஓட்ட வேண்டும்.

மச்சானுக்குப் பளபளப்பின் மேல் கண். நான் அதைத் தொடவே இல்லை. நெருப்புச் சிவப்பாக ஒரு சாமான் என் காலுக்கு ஒரு முழம் முன்னால் சுற்றுவதை நினைத்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பெல்ட்டுதான் வேணும் மச்சான். ஏதாவது ஆச்சுன்னா பெல்ட்ட அறுத்துட்டா நின்னுடும் இல்ல?"

அவர் சிரித்தார். ஆனால் நான் சொன்னதையே வாங்கினார். கோணிப்பையில் கட்டி, பஸ்ஸில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மாட்டியது முத்தியால்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு மேஸ்திரி. முன்பு மில்லில் ஃபிட்டராக இருந்தவர், அதிகம் பேச மாட்டார். புளோயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீல் பழசு. தாங்கும்னு சொல்ல மாட்டேன்," என்றார். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களுக்குத் தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய் உருளைகள் பக்கம் கசியாமல் தடுப்பதுதான் சீல். புதுசு கிடைக்க மாசக்கணக்கு ஆகும் என்றார். மச்சான், "நான் பாத்துக்கறேன் மேஸ்திரி, இதுல ஊறுனவன் நான்," என்றார்.

ஒரு வாரம் வேலை நடந்தது. எஞ்சின் தலைமேல் இரும்புத் தட்டு வெட்டிப் புளோயரை உட்கார வைத்தார்கள். முன்னால் கப்பி கடைந்து மாட்டினார்கள். பெல்ட் நேராக ஓடவில்லை, மூன்று தடவை கழற்றி மாட்டினார்கள். நான் தினமும் போய் நின்று பார்ப்பேன். பார்க்கப் பார்க்க பயம் கூடியதே தவிர குறையவில்லை. கடைசி நாள் மச்சான் எண்ணெய் ஊற்றினார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் சொட்டும் வரை ஊற்றி நிறுத்த வேண்டும். அப்படியே செய்து போல்ட்டை முடுக்கினார். வண்டியை எங்கள் வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினோம்.

மறுநாள் காலை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. விடிந்ததும் எழுந்து வண்டிக்கு முன்னால் நின்றேன். மனசு என்னென்னவோ ஓட்டியது. எண்ணெய் பத்தாமல் பல்சக்கரம் இறுகிக்கொண்டால்? பெல்ட் அறுந்து ரேடியேட்டரைக் கிழித்தால்? மேட்டில் அப்படி ஆனால்? புளோயரில் எண்ணெய் ஊற்றும் மேல்மூடியைத் திறந்து டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கால் லிட்டர் இருக்கும். மனசு அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். திரும்பியபோது என் மனைவி குடத்தோடு குழாயடியில் நின்றிருந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாரத்துக்காகப் பின்னால் ஆறு ஐஸ் பார் ஏற்றி, ஈரக் கோணிகள் போட்டு மூடி, காலாப்பட்டு ரோட்டில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், மச்சான் நடுவில், மனைவி ஜன்னலோரம். அவள் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். கோட்டக்குப்பம் தாண்டி ரோடு நேரானதும் மச்சான் என் தொடையைத் தட்டினார்.

"அமுக்கு மாப்ள."

அமுக்கினேன். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. இத்தனை வருடம் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டிய வண்டி, யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் போனது. முந்திரித் தோப்புகள் பின்னால் ஓடின. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் ஒரு நிமிடம் பயம் விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிரே விறகு ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. காலை எடுத்தேன். வேகம் குறையவில்லை.

ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது என்று நினைத்துக் கால்விரலால் இழுத்துப் பார்த்தேன். அது மேலேதான் இருந்தது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே தெரியவில்லை, வெள்ளையும் நீலமுமாகப் புகை. எஞ்சினை நிறுத்தும் குமிழைப் பிடித்து இழுத்தேன். குமிழ் கையோடு வந்துவிட்டது, எஞ்சின் நிற்கவில்லை. கிளட்சை மிதித்ததும் அது ஊளையிட ஆரம்பித்தது. பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். மாட்டுவண்டிக்கு இரண்டு கை அகலம் விட்டு ஓர மணலில் இறங்கி வண்டி நின்றது. கியரை எடுத்துவிட்டேன். வண்டிதான் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. பானெட் தடதடவென்று அடித்துக்கொண்டது. வெடிக்கப் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

கதவைத் திறந்து குதித்து ஓடினேன்.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள், அவள் கதவு உள்ளிருந்து திறக்காது, இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினேன். இருபதடி போயிருப்பேன். அவள் என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க" என்று ஒரே ஒரு தடவை. திரும்பிப் பார்த்தேன். மச்சான் நடுவில் சிலைபோல் உட்கார்ந்திருந்தார், கண் இமைக்கவில்லை. அவரைத் தாண்டி வர அவளால் முடியவில்லை. ஜன்னல் வழியாக வெளியே கையை நீட்டிக் கதவின் பிடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

திரும்ப ஓடினேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கதவைத் திறந்தேன். அவள் குதித்தாள். ஓடவில்லை. நேராகப் பின்னால் போய் ஐஸ் மேல் கிடந்த ஈரக் கோணியை உருவினாள்.

"காத்த அடைங்க! அண்ணன் சொன்னுச்சே, காத்து இல்லன்னா செத்துடும்னு!"

பானெட்டைத் தூக்கினேன். புளோயரின் வாய் திறந்த வலைமூடி வழியாக விர்ரென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கோணியை நான்காக மடித்து அதன் மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினேன். கோணியோடு என் கையும் உள்ளே போய்விடும்போல் இழுத்தது. அவளும் என் கைமேல் கைவைத்து அமுக்கினாள். எஞ்சின் திணறியது, இருமியது, ஒரு உதறு உதறி நின்றது.

அதற்குப் பிறகு கடல் சத்தம் மட்டும் கேட்டது. மாட்டுவண்டிக்காரர் மாடுகளைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் மெல்ல இறங்கி வந்து மணலில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"மாப்ள, எனக்கு அங்க மெக்கானிக் வேல இல்ல. குய்சின்ல இருந்தேன். சமையக்கட்டு. பதினஞ்சு வருசமும் அதான். ஷெட்டுல அவங்க மாட்டும்போது காப்பி கொண்டுபோயி குடுத்துட்டு நின்னு பாப்பேன். அவ்ளோதான். வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் இல்ல. ஒனக்கு உதவியா இருக்கலாமேன்னு சொல்லிட்டேன். மூணு உசுரையும் கொன்னுருப்பேன்."

எனக்கு எண்ணெய் டப்பா நினைவு வந்தது. லாரி ஏதாவது வந்தால் நிறுத்தலாம் என்று ரோட்டுக்குப் போனேன்.

ஒரு லாரியில் கயிறு கட்டி வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். மேஸ்திரி பக்கத்துப் போல்ட்டைக் கழற்றியதும் எண்ணெய் குபுகுபுவென்று கொட்டியது. கசிந்து போனது போகவும் அவ்வளவு மிச்சம் இருந்தது.

"யாரு இவ்ளோ ஊத்துனது? சீலத் தள்ளிக்கினு எஞ்சினுக்குள்ள போயிருக்கு. டீசலே வேணாம், இந்த எண்ணெயவே எரிச்சிக்கினு ஓடியிருக்கு. அப்புறம் எங்க நிக்கும்?"

"நான்தான் மேஸ்திரி," என்றார் மச்சான். "அளவு தெரியாம ஊத்திட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். சரியாக ஊற்றியவர், தனக்கு எதுவும் தெரியாது என்று இப்போது நம்பிவிட்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ரோட்டில் வந்த பயத்தைவிட அந்த இடத்தில் வந்த பயம் பெரிதாக இருந்தது. சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாடு போடும்போது மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "காலையில பாத்தேன். நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ஓடுனதுக்கு நீ ஒண்ணும் கேக்கலியே."

"திரும்பி வந்தீங்க இல்ல. இதுக்கும் வாங்க."

சோற்றை அப்படியே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மச்சான் கட்டிலில் படுத்திருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் ஊத்துனது கரெக்டா?"

"கரெக்ட்டுதான் மச்சான்."

"கரெக்டா," என்று தனக்குள் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். "பயந்தா எங்கிட்ட சொல்லக் கூடாதா? நீ ஏன்டா தனியாப் போயி பயப்படுற?"

அவர் என்னை டா போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் காத்திருந்து புது சீல் வரவழைத்தார். புளோயரின் வாயை மூட ஒரு இரும்பு மூடி செய்து, அதை உள்ளிருந்தே இழுக்க ஒரு கம்பி வைக்கச் சொல்லி மேஸ்திரி பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய வைத்தார். இந்தத் தடவை தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டார். மேஸ்திரியும் வழக்கத்தைவிட அதிகம் பேசினார்.

முதல் லோடு வஞ்சிரமும் சங்கராவும். மச்சானும் கூட வந்தார். கிருஷ்ணகிரி தாண்டும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மேடு தெரிந்ததும் கியரைக் குறைத்தேன்.

"மச்சான், பயமா இருக்கு."

"எனக்கும்தான். ஓட்டு," என்றார். மூடியை இழுக்கும் கம்பியிலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை.

இரண்டாவது கியரில் ஏறினோம். பிறகு மூன்றாவதுக்குப் போட்டேன். புளோயர் பெரிதாக முனகியது. அந்த முனகல் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் என் உயிர் போய் வந்தது. இரண்டு லாரிகளை முந்தினேன். என் வாழ்நாளில் அந்த மேட்டில் நான் முந்திய முதல் வண்டிகள் அவை. உச்சியில் ஓரம் கட்டி, எண்ணெய் போல்ட்டைப் பார்க்க இறங்கினால், ஸ்பேனர் இரண்டு தடவை போல்ட்டை விட்டு நழுவியது. மச்சான் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மறுநாள் ஊர் திரும்பியதும் மனைவி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கரையில இன்னிக்கு மீன் நெறைய வந்துருக்கு. குளிச்சிட்டு வாங்க," என்றாள்.