வேலிக்கு அடியில் போன வயர்

கூலாய்ப் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் என் மூத்த மகன் வீடு. அவன் வீட்டில் இன்டர்நெட் உண்டு. எங்கள் வீட்டில் போன் பேசலாம், படம் வராது. சிங்கப்பூரில் வேலை செய்யும் இளையவன்தான் ஒரு லீவில் வந்து, அண்ணன் வீட்டு மோடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே வயராக இழுத்து, வேலிக்கு அடியில் புதைத்தான். அந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரி கத்தரி போட்டிருந்தாள். செடியைப் பிடுங்கியதற்கு அவனை ரெண்டு நாள் ஏசினாள். மூத்தவன் பிடுங்கியிருந்தால் ரெண்டு வருஷம் ஏசியிருப்பாள்.

"நடுவுல ஒண்ணுமே இல்லப்பா. அந்த முனை அண்ணன் வீடு, இந்த முனை நம்ம வீடு," என்றான் இளையவன்.

கொரோனாவில் சிங்கப்பூர்ப் பாலத்தை மூடியிருந்தபோது என் வீட்டுக்காரி செத்துப்போனாள். எங்கள் வழக்கத்தில் அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி, ஆத்தாளுக்கு இளையவன். அவனால் வர முடியவில்லை.

"நீங்களே வைங்கண்ணே. பெட்டிய மூடுறதுக்கு முன்னால மொகத்த மட்டும் காட்டுங்க," என்று அழுதான். மூத்தவனும் சரி என்றான்.

காலையில் சவப்பெட்டி வந்தது. குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனேன். திரையில் இளையவன் கும்பிட்டபடி இருந்தான். மூத்தவன் எழுந்து தன் வீட்டுக்குப் போனான். வேட்டி மாற்றப் போகிறான் என்று நினைத்தேன். திரையில் இளையவன் அப்படியே உறைந்தான். பிறகு வட்டம் சுற்றியது.

மூத்தவன் திரும்பி வந்தான்.

"வயர கழட்டிட்டேன்."

"ஏன்டா?"

"கஞ்சி ஊத்துனது நானு, மலம் அள்ளுனது நானு. சாவுற வரைக்கும் அவன் பேரத்தானே சொன்னா."

"ஒரு நிமிஷம் மாட்டுடா. ஆத்தா மொகத்தப் பாத்துக்கட்டும்."

"போட்டோ இருக்குல்ல. அதப் பாக்கச் சொல்லுங்க லா."

வண்டிக்காரர் நேரமாகிறது என்றார். மூத்தவனே மூடியைத் தூக்கி வைத்தான். போன் அடித்தது. படம் இல்லை, குரல் மட்டும்.

"அப்பா, லைன் போச்சு. கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க, மூடிடப் போறாங்க."

மூத்தவன் என்னைப் பார்த்துக்கொண்டே முதல் ஆணியை அடித்தான்.

"அப்பா, என்ன சத்தம் அது?"

நான் போனை வேட்டிக்குள் அமுக்கிப் பொத்திக்கொண்டேன். அவன் அதற்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.